முப்பது கிலோவோல்ட் வரை

கட்டைவிரலை எடுத்தால் போதும், எல்லாம் நின்றுவிடும். எடுக்காமல் வைத்திருந்தால் ஆறு நிமிஷத்தில் முப்பதாயிரம் வோல்ட். செண்பகராமன் அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்திப் பிடித்ததும் மீட்டர் முள் சோம்பல் முறித்துக்கொண்டு பூஜ்ஜியத்தை விட்டு எழுந்தது. கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம், பூட்டிய கூடத்துக்குள், ஆள் உயரத்துக்கு ஆயில் டேங்க், அதன் தோளில் முதல் கோர் உட்கார்ந்திருக்கிற பெட்டி, பக்கத்தில் அந்தக் குழாய், கடைசியில் ஒரு கண்ணாடிக் குப்பியில் பொள்ளாச்சி இளநீர். இத்தனை தடபுடலும் அந்த இளநீருக்குத்தான். கொதிக்க வைக்காமல், மருந்து கலக்காமல், ஒரே மின்னல் வெட்டில் கிருமியை மட்டும் கொன்று ருசியை விட்டுவைப்பது என்பது டாக்டர் மங்கையர்க்கரசியின் ஆறு வருஷத்து வேலை. அந்த அரசி மேடம் இப்போது செண்பகராமனுக்கு இடப்பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். வலப்பக்கம் ஆசிலோஸ்கோப் முன்னால் அளவு படித்துச் சொல்ல உதவியாளர் ஜெனிட்டா. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் டெல்லியிலிருந்து வந்திறங்கிய கமிட்டி, மூன்று பேர். நடுவில் பேராசிரியர் ரங்கபாஷ்யம், பன்னிரண்டரை மணி விமானத்துக்குப் பாதி மனசை இப்போதே அனுப்பிவிட்ட முகம். "ரெண்டு" என்றாள் ஜெனிட்டா. இரண்டு கிலோவோல்ட். இன்னும் இருபத்தெட்டு. அதற்குப் பிறகு பொத்தான் தேவையில்லை, முப்பதைத் தொட்டதும் மெஷின் தானே மொத்தத்தையும் பாய்ச்சிவிடும், அதற்குப் பெயர்தான் ஷாட். ரீசெட் வயரை மாட்டினோமா? மாட்டினோம். காலையில் எட்டே காலுக்கு மாட்டினோம். பன்னிரண்டு ஆம்பியர் ஓடுகிறது, மீட்டர் காட்டுகிறது. பிறகென்ன. பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டி வந்ததே, அது எதற்கு?

கோர் என்றால் என்ன என்று யார் கேட்டாலும் செண்பகராமன் தன் மச்சினன் சண்முகவேலைத்தான் உதாரணம் காட்டுவார். ஸ்கூட்டர் டயர் அளவுக்கு ஒரு வளையம், ரிப்பன் மாதிரி மெல்லிய காந்தத் தகட்டைச் சுருட்டிச் சுருட்டிச் செய்தது, அதன் மேல் செம்புக் கம்பி. மின்சாரம் வந்து நின்றால் உடனே உள்ளே விடாது. சண்முகவேலைக் கல்யாண மண்டப வாசலில் நிறுத்தினால் எப்படி? வயிறு நிரம்புகிற வரை அவன் முழித்திருப்பான், நீ யார் வீட்டுப் பக்கம், யார் அழைத்தது, மொய்க் கவர் எங்கே என்று ஒருத்தரை உள்ளே விடமாட்டான். வயிறு நிரம்பியது என்றால் அந்த நிமிஷமே நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிடுவான், அப்புறம் யானைகூடப் போகலாம். கோரும் அதேதான். காந்தம் நிரம்புகிற வரை தடுக்கும், நிரம்பியதும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும், அடைபட்டது மொத்தமும் பாயும். இப்படி மூன்று கோர், ஒன்றைவிட ஒன்று வேகமாகத் திறக்கிற மூன்று வாசல். சோம்பேறியாக உள்ளே போன மின்சாரம் கடைசியில் மின்னலாக வெளியே வரும். ஒரு தடவை நிரம்பினால் நிரம்பினதுதான், அடுத்த தடவைக்கு அதன் வயிற்றைக் காலி பண்ண வேண்டும். அதற்குத்தான் ரீசெட் கம்பி, எதிர்த்திசையில் கொஞ்சம் மின்சாரம் விட்டு வைப்பது. அதை மாற்றி மாட்டினால்? சண்முகவேல் மண்டபத்துக்கு வரும்போதே வழியில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தான் என்று அர்த்தம். வாசலில் ஆளும் இருக்கும், அது தூங்கிக்கொண்டும் இருக்கும். "அஞ்சு" என்றாள் ஜெனிட்டா. முதல் கோருக்குத் தனியாக ஒரு பொறுப்பு உண்டு. குழாயைக் காப்பது. தைரட்ரான் குழாய், பீங்கானும் செம்புமாக ஒரு குத்துவிளக்கு உயரம், அதுதான் இதில் சாவி. அதற்குக் கண் முழுசாகத் திறக்க ஒரு இமைப்பொழுதில் லட்சத்தில் ஒரு பங்காவது வேண்டும், அந்த இத்தினி நேரம் சண்முகவேல் கூட்டத்தைத் தடுத்து நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் அரைக்கண் திறந்த குழாயின் முகத்தில் மொத்தமும் விழும். கருகிப்போகும். ஒரே ஒரு ஷாட் போதும். அந்தக் குழாய் வந்து சேரப் பதினோரு மாதம் ஆயிற்று. விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் அரசி மேடம் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார், பீளமேட்டிலிருந்து இங்கு வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவரைத் திட்டிக்கொண்டு. இன்னொன்று கிடையாது. கேட்டால், வேலையை மூடிவிடுங்கள் அம்மா என்றுதான் பதில் வரும், அந்தக் கடிதத்தை எழுதுகிறவர்தான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

சோதித்தோமே. ஆமாம், சோதித்தோம், இந்த நினைப்பு வந்ததும் விரலின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது, ஐயோ தளரக் கூடாது என்று மறுபடி அழுத்தினார். டார்ச் செல் ஒன்றை எடுத்துப் பெரிய கம்பியில் ஒரு தொடு தொட்டால் ரீசெட் கம்பியில் மாட்டிய மீட்டரின் முள் துள்ளும், வலது பக்கம் துள்ளினால் சரி, இடது என்றால் வயரைத் திருப்பு. இதைவிடச் சுலபமான சோதனை உலகத்தில் இல்லை. முள் வலது பக்கம்தான் துள்ளியது. கண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. ஜெனிட்டா குனிந்து பார்த்து, வலது அண்ணாச்சி, என்றாள், அவளுக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது, வலது என்பது வாத்துக் கத்தின மாதிரி வந்தது, அதைச் சொல்லி அவர் கேலி பண்ணினார். செல்லின் பித்தளை மூக்கு விரலில் சில்லென்று பட்டது. எல்லாம் இருக்கிறது. "எட்டு." இப்போது ஜெனிட்டாவின் குரல் சுத்தமாக இருக்கிறது. தொண்டை கட்டினது என்றைக்கு? தொண்டை ஒரே காலைக்குள் சரியாகிவிடுமா? மிளகுப்பால் குடித்தால் ஆகலாம். ஆகும். ஆகாது. அதுவுமில்லாமல் இத்தனை துல்லியமாக நினைவு இருப்பதே அவருக்குப் பயமாக இருந்தது. மற்றவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணுக்குள் அப்படியே இருந்தால் அது நடந்ததாக அர்த்தம். அவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காயல் துறைமுகப் பக்கம் பழைய இரும்புக் கடையில் வேலை பார்த்தபோது கிரேன் காந்தம் ஒரு போலீஸ்காரரை பெல்ட் பக்கிளோடு நாற்பதடி தூக்கிவிட்டது, அவர் மேலே தொங்கியபடியே எங்கள் மேல் கேஸ் எழுதிக் காகிதத்தைக் கீழே போட்டார் என்று முப்பது வருஷமாகச் சொல்கிறார். அப்படி ஒரு கடையும் இல்லை, கிரேனும் இல்லை. ஆனால் அந்தப் பக்கிளில் இருந்த துரு அவருக்குத் தெரியும். காகிதம் காற்றில் எந்தப் பக்கம் சுழன்று விழுந்தது என்று தெரியும். கையெழுத்து கோணலாக இருந்ததற்குக் காரணமும் தெரியும். இல்லாத போலீஸ்காரரின் கையெழுத்தைப் பார்த்த கண், இன்று காலை முள் துள்ளியதைப் பார்த்தேன் என்று சொன்னால் எந்தக் கோர்ட்டு ஏற்கும்? "பத்து."

போன வருஷம் வரை அவரைப் பொத்தான் பக்கமே விடவில்லை. டைரக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார், அந்த ஆள் டேங்கில் எண்ணெய் இருக்கிறது என்றாலும் நான் குச்சி விட்டுப் பார்ப்பேன் என்று. அரசி மேடம்தான் எழுந்து நின்று பேசினார். அவர் வாயை நம்பாதீங்க சார், கையை நம்புங்க, இந்தக் கட்டிடத்தில் அப்படி ஒரு கை கிடையாது. அன்றைக்கு ராத்திரி செண்பகராமன் வீட்டில் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கொஞ்சமும் கூட்டாமல் சொன்னார், அதனாலேயே மனைவி நம்பவில்லை. அந்தக் கை இன்று காலை என்ன செய்துகொண்டிருந்தது? நேற்றுச் சாயங்காலம் பெட்டியைத் துடைக்க ரீசெட் வயரைக் கழற்றியது, இன்று எட்டே காலுக்கு மாட்டியது. மாட்டும்போது கமிட்டி காரின் டிரைவர் குடிதண்ணீர் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார், தாடிவைத்த மனிதர், நல்ல காது, அப்படிப்பட்ட காதைப் பார்த்துப் பல நாள் ஆயிற்று. போலீஸ்காரர் மேலே போனார். நாற்பதடி அறுபதடி ஆயிற்று. டிரைவர் சிரித்துச் சிரித்துத் தண்ணீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். வாய் அங்கே இருந்தது, கை இங்கே மாட்டிக்கொண்டிருந்தது. கை எதைப் பார்த்து மாட்டியது? பொட்டைப் பார்த்து. கம்பியின் தலைப்பு எது என்று தெரிய அந்த முனையில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பது இங்கே வழக்கம், எண்ணெய் பட்டாலும் போகாது, ஜெனிட்டா கொண்டுவந்த பாட்டில் மேஜை டிராயரில் ரெண்டு வருஷமாக இருக்கிறது. பிளஸ் வயர் பொட்டு வைத்த முனைக்கு. சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது, அதில் மாட்டினார். தெரிந்தது, அது நிஜம், அந்தச் சிவப்பு நிஜம், டிரைவர் சட்டையில் ஈரம் எவ்வளவு நிஜமோ அவ்வளவு. "பதிமூணு." செல் வைத்துச் சோதித்தது இன்று காலை இல்லை. காலையில் ஜெனிட்டா ஒன்பதுக்குத்தான் வந்தாள், பஸ் போய்விட்டது என்று ஓடி வந்தாள். அப்படியானால் வாத்துக் குரல் என்றைக்கு? அந்த நினைவில் பெட்டி எப்படி இருந்தது, பார், நன்றாகப் பார், சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது, சந்தனம் இல்லை, மஞ்சள் தீற்றல் இல்லை. அது ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.

ஆயுத பூஜை. அந்த வார்த்தையில் வந்து மனசு இடறி நின்றது, செருப்பு வார் ஆணியில் மாட்டின மாதிரி. மேலே போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. எட்டு நாளைக்கு முன்னால் கூடத்தில் பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் வைத்து, எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தது யார்? அவர்தான், வருஷா வருஷம் அவர்தான், வேறு யாரையும் தொடவிடமாட்டார். ஆசிலோஸ்கோப்புக்கு மூன்று பொட்டு, டேங்குக்கு ஐந்து, அரசி மேடத்தின் லேப்டாப்புக்கு அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒன்று. கோர் பெட்டிக்கு எங்கே வைத்தோம்? மூடியில். மூடியில் மட்டும்தானா? "பதினாறு." மூடியில் மட்டும்தான், மூடியில் பெரிதாக ஒன்று, அதை நேற்று துடைத்தாயிற்று, சந்தனம் பஞ்சோடு வந்தது. சரி. மூச்சு விடு. வலக்கை கட்டைவிரலின் நகம் வெள்ளையாகிவிட்டது, அதற்கு அடியில் வலி ஒரு சின்ன மணி மாதிரி அடித்துக்கொண்டிருக்கிறது. அரசி மேடம் அவரைத் திரும்பிப் பார்த்தார், கண்ணால் கேட்டார், அவர் கண்ணால் பதில் சொன்னார், என்ன பதில் என்று அவருக்கே தெரியாது. அன்றைக்குப் பொட்டு வைத்த பிறகு கிண்ணத்தில் ஒரு துளி குங்குமக் குழம்பு மிச்சம் இருந்தது. அது எதற்கு ஞாபகம் வருகிறது? பித்தளைக் கிண்ணம், அடியில் ஒரு துளி, வீணாக்க மனசு வராது. வீணாக்கவில்லை. விரலில் எடுத்தார். எடுத்து? கையில் எடுத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார், எது விட்டுப்போச்சு, எது விட்டுப்போச்சு என்று. பெட்டியின் முன்பக்கத்தில் இரண்டு முனைகள், இரண்டு கண் மாதிரி. ஒன்றில் ஏற்கெனவே சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. மற்றது வெறுமனே இருந்தது. மூளி மாதிரி இருக்கிறதே என்று சொன்னார், வாய்விட்டே சொன்னார், ஜெனிட்டா சிரித்தாள். "பத்தொம்பது."

வைத்தார். இரண்டாவது முனைக்கும் வைத்தார். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று அவர் கையாலேயே வைத்தார். இது கதையா? கதையாக இருக்கலாமே, அவர் மனசு இப்படி எத்தனை சமைத்திருக்கிறது, பயந்தால் இன்னும் நன்றாகச் சமைக்கும். ஆனால் கதை என்றால் அதில் அவர் ஜெயிப்பார். முப்பது வருஷத்தில் அவர் சொன்ன ஒரு கதையிலாவது செண்பகராமன் முட்டாளாக வந்தது கிடையாது, போலீஸ்காரரைக்கூட இவர்தான் ஏணி வைத்து இறக்கினார். இதில் ஒரு மனிதர் கிண்ணத்து மிச்சத்தை வீணாக்காமல் அசட்டுத்தனமாக ஒரு காரியம் பண்ணுகிறார். அதனால் இது நடந்தது. நடந்தே இருக்கும். அப்படியானால் காலையில் பார்த்த சிவப்பு எது? இரண்டில் ஒன்று. குனிந்த வாக்கில் ஒரு முனைதான் தெரிந்தது, மற்றதை வயர் மறைத்திருந்தது. தெரிந்தது பாலிஷ் பொட்டு என்றால் ஒரு குறையும் இல்லை, இளநீர் தித்திக்கும், ரங்கபாஷ்யம் கை கொடுப்பார். தெரிந்தது குங்குமம் என்றால் சண்முகவேல் இந்த நிமிஷம் அங்கே வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். பன்னிரண்டு ஆம்பியர் என்று மீட்டர் காட்டுகிறது, எவ்வளவு என்று காட்டுகிறது, எந்தப் பக்கம் என்று அதற்கென்ன தெரியும். "இருபத்திரண்டு." பாதிக்குப் பாதி. பளபளத்ததா? பாலிஷ் பளபளக்கும், குங்குமம் பளபளக்காது. டிரைவர் சிரித்தார், ஈரச் சட்டை, சிவப்பு. பளபளத்ததா? அதை மட்டும் கண் சொல்ல மறுக்கிறது. இல்லாத பக்கிளின் துருவைக் காட்டிய கண். விரலை எடுத்துவிடலாம். எடுத்தால்? கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடிய வேண்டும், எர்த் கொக்கி போட வேண்டும், பாதுகாப்பு விதிப்படி மறுபடி ஆரம்பிக்க இரண்டு மணி நேரம். விமானம் காத்திருக்காது. ஷாட் பார்க்காமல் போன கமிட்டி என்ன எழுதும் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே பொத்தானை அவர் பாதியில் விட்டார், கருகல் வாசனை வருகிறது என்று. கடைசியில் அது கேன்டீனில் அடிப்பிடித்த உப்புமா. அன்றைக்குச் சிரித்தவர்கள் இன்றைக்குச் சிரிக்க மாட்டார்கள். எடுத்துப் பார்த்து, பாலிஷ் பொட்டில்தான் சரியாக மாட்டியிருந்தது என்றால் மேடத்தின் ஆறு வருஷத்தை ஒரு பொட்டுக்காகக் கெடுத்தவர் அவர். எடுக்காமல் விட்டு அது குங்குமம் என்றால் அப்போதும் அவர்தான். எப்படித் திருப்பிப் போட்டாலும் தலைப்பு அவர் பக்கம்தான் வருகிறது. "இருபத்தஞ்சு."

ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். இது மெதுவாக, மரியாதையாக வந்து பக்கத்தில் உட்கார்ந்த யோசனை. குழாய் போனால் குழாயின் கோளாறு என்பார்கள், வெளிநாட்டுச் சரக்கு, பதினோரு மாதம் கிடங்கு கிடங்காக அலைந்தது. கதை தயாராக இருந்தது, ஆரம்பம் நடு முடிவு எல்லாம், அதில் அவர் முன்கூட்டியே அந்தக் குழாயின் சத்தத்தைச் சந்தேகப்பட்டிருக்கிறார். நல்ல கதை. எல்லோரும் நம்புவார்கள். அரசி மேடம்கூட நம்புவார், அதுதான் அதில் பெரிய கஷ்டம், மடியில் வைத்துக்கொண்டு வந்ததை நினைத்து, வேகத்தடையில் ஆடியதோ என்று தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்வார். கண்ணாடிக்கு இந்தப் பக்கமே காற்று கனத்த மாதிரி, முன்னங்கை மயிர் லேசாக எழுந்து நின்றது. டேங்குக்குள் எங்கோ சீறல், எண்ணெய்க்குள் கடுகு போட்ட மாதிரி. "இருபத்தேழு" என்றாள் ஜெனிட்டா, குரலில் சந்தோஷம் வந்துவிட்டது. பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது, ரங்கபாஷ்யம் எழுந்து ஜன்னல் பக்கம் வருகிறார். பளபளத்ததா? பளபளத்ததா? "இருபத்தெட்டு." கட்டைவிரல் அவரைக் கேட்கவில்லை. அதுவே எழுந்துகொண்டது.

கூடத்துக்குள் இரும்புச் சுத்தியல் விழுந்த மாதிரி ஒரு சத்தம், எர்த் கம்பி விழுந்தது. முள் படுத்துக்கொண்டது. ஜெனிட்டா இருபத்தொம்பது என்று சொல்லத் திறந்த வாயை அப்படியே வைத்திருந்தாள். யாராவது திட்டுவார்கள் என்று செண்பகராமன் எதிர்பார்த்தார், திட்டினால் பதில் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும். அவருக்குள் ஏழெட்டுக் காரணங்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு முன்னால் வந்தன, பல்லி ஒன்று கம்பி மேல் ஓடியது, கண்ணாடியில் நீலமாக ஒரு பொறி, எல்லாமே நன்றாக இருந்தன.

"ஏன் அண்ணாச்சி?" என்றார் அரசி மேடம். குரலை உயர்த்தவில்லை.

"ரீசெட் சரியா மாட்டியிருக்கான்னு நான் பார்க்கல மேடம். பொட்டு ரெண்டு இருக்கு. ரெண்டாவதை நான்தான் வச்சேன், பூஜை அன்னைக்கு, சும்மா அழகுக்கு. காலைல எதுல மாட்டினேன்னு எனக்குத் தெரியல."

அரசி மேடம் அவர் முகத்தையே பார்த்தார். "இது கதையா?"

"இல்ல மேடம். கதைன்னா இதைவிட நல்லாச் சொல்லியிருப்பேன்."

கெப்பாசிட்டர் வடிய விட்டு, எர்த் கொக்கியை ஒவ்வொரு முனையிலும் தொட்டுத் தொட்டு அவர்கள் உள்ளே போனபோது பதினொன்றரை. கமிட்டியில் இரண்டு பேர் காருக்குப் போய்விட்டார்கள். ரங்கபாஷ்யம் மட்டும் வாசலில் நின்றார், போகவும் இல்லை, வரவும் இல்லை. ஜெனிட்டா செல்லை நீட்டினாள். பித்தளை மூக்கு விரலில் சில்லென்று பட்டது. ஒரு தொடு தொட்டார். முள் துள்ளியது. யாராவது சொல்லட்டும் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார், கண்ணை நம்புகிற காலம் போய்விட்டது.

"இடது" என்றாள் ஜெனிட்டா.

அரசி மேடம் பக்கத்திலிருந்த குழாயின் மேல் ஒரு கையை வைத்தார், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, வைத்த கையை எடுக்கவில்லை. வாசலில் ரங்கபாஷ்யம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு உள்ளே வந்து, அது என்ன பொட்டு, நானும் பார்க்கலாமா, என்று குனிந்தார். செண்பகராமன் வயரைக் கழற்றி, அந்த முனையைக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். சிவப்பு மொத்தமும் விரலோடு வந்தது. பேண்ட்டில் துடைக்கக் கை தாழ்ந்தது, மனசு வரவில்லை. பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார், ஜெனிட்டா பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் ஏதாவது சொல்வார் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவர் விரலைத் தூக்கி நெற்றியில் இட்டுக்கொண்டார், முகம் பார்க்கக் கண்ணாடி இல்லாததால் கொஞ்சம் கோணலாக.